சிங்கப்பூருக்கு வருபவர்களுக்கு: மலிவான கைபேசி, சிம், ஊருக்குப் பேசும் வழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், மாணவர் அனுமதி என்று ஏதோ ஒன்றில் சிங்கப்பூர் வருபவர்களுக்கான பக்கம் இது. முதல் மாதத்தில் போனுக்கும் சிம்முக்கும் தேவையில்லாமல் காசு போகிறது. அப்படிப் போகும் இடங்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். சிங்கப்பூரில் நம் ஆட்கள் டாலரை வெள்ளி என்பார்கள், இங்கும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

ஊரில் பயன்படுத்தும் போனையே கொண்டு வரலாமா?

4ஜி ஸ்மார்ட்போன் என்றால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். வந்த கையோடு புதுப் போன் வாங்கத் தேவையில்லை. இந்தியாவில் விற்கும் போன்கள் பிடிக்கும் 1800, 900, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் சிங்கப்பூரிலும் பயன்பாட்டில் இருக்கின்றன. இந்தியாவில் வாங்கிய 5ஜி போன்களில் 3500 மெகாஹெர்ட்ஸ் வசதி பெரும்பாலும் இருக்கும், அதுவும் இங்கே வேலை செய்யும்.

இரண்டு வகைப் போன்களைக் கொண்டு வராதீர்கள். முதலாவது பழைய பட்டன் போன். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-இலும் 3ஜி சேவை 2024-இலும் நிறுத்தப்பட்டுவிட்டன. 2ஜி மட்டும் உள்ள நோக்கியா இங்கே நேரம் பார்க்கவும் டார்ச் அடிக்கவும்தான் உதவும். பட்டன் போன்தான் வேண்டும் என்றால் பெட்டியில் 4ஜி என்று எழுதியிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது ஜியோபோன். அதில் ஜியோ சிம்மைத் தவிர வேறு சிம் எடுக்காது.

கிளம்புவதற்கு முன் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தவணையில் வாங்கிய போன் என்றால், தவணை தவறினால் பூட்டிவிடும் செயலி அதில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் வருகிறது, வாட்ஸப் ஓடுகிறது. ஆனால் சாதாரண கால் மட்டும் போகவில்லை. ஏன்?

3ஜி மூடப்பட்ட பிறகு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். போனில் கோளாறு என்று நினைத்துப் பலர் புதுப் போன் வாங்கிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

முன்பெல்லாம் 4ஜி போனாக இருந்தாலும், அழைப்பு என்று வந்தால் அது 3ஜிக்கு இறங்கித்தான் பேசும். இப்போது இறங்குவதற்கு 3ஜி இல்லை. 4ஜி வழியாகவே குரல் போக வேண்டும். இதற்குப் பெயர் வோல்டிஇ. இந்தியாவில் வாங்கிய சில போன்களில் இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் வோல்டிஇ திறந்து வைத்திருப்பார்கள். சிங்கப்பூர் சிம் போட்டால் நெட் வரும். அழைப்பு பொத்தானை அழுத்தினால் இரண்டு மூன்று விநாடி அமைதியாக இருந்துவிட்டு ‘கால் எண்டட்’ என்று வந்து நிற்கும். உங்களை யாராவது அழைத்தாலும் அணைத்து வைத்திருப்பதாகவே அவர்களுக்குச் செய்தி வரும்.

செய்ய வேண்டியதை இந்த வரிசையில் செய்யுங்கள். அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய் வோல்டிஇ, 4ஜி காலிங், எச்டி காலிங் என்று எந்தப் பெயரில் பொத்தான் இருந்தாலும் அதை ஆன் செய்யுங்கள். சிங்கப்பூர் சிம்மை முதல் துளையில் போடுங்கள், சில போன்களில் இரண்டாம் துளை எல்லா வசதியையும் தராது. வைஃபை உள்ள இடத்தில் உட்கார்ந்து மென்பொருளைப் புதுப்பியுங்கள். புதிய வெளிநாட்டு நிறுவனங்களுக்கான வோல்டிஇ அமைப்பு பெரும்பாலும் அந்தப் புதுப்பிப்பில்தான் வந்து சேரும். பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சரியாகிவிட்டதா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் டயலரில் *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் போன் தகவல் என்பதைத் தொட்டு, மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் ‘ஐஎம்எஸ் சர்வீஸ் ஸ்டேட்டஸ்’ என்று இருக்கும். அங்கே ‘ரிஜிஸ்டர்டு’ என்று காட்டினால் அழைப்பு போகும். ‘நாட் ரிஜிஸ்டர்டு’ என்றால் வோல்டிஇ இன்னும் இணையவில்லை. ஷாவ்மி, ரெட்மி போன்களில் *#*#86583#*#* என்று அடித்தால் நிறுவனச் சோதனை நீங்கி வோல்டிஇ பொத்தான் தோன்றுவது உண்டு.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் அந்தப் போனை வைஃபைக்கு வைத்துக்கொண்டு, பேசுவதற்கு வேறு போன் பாருங்கள். வாட்ஸப் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. இந்த எண்களுக்கு வாட்ஸப்பில் பேச முடியாது. வேலையிடத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் கையில் இருக்கும் போனில் அழைப்பு போயாக வேண்டும்.

இங்கே புதுப் போன் வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர்களும் இந்தச் சொற்களைத்தான் பயன்படுத்துவார்கள். லோக்கல் செட் என்பது சிங்கப்பூருக்கென்று வந்த போன். தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்திலேயே உத்தரவாதம் கிடைக்கும். எக்ஸ்போர்ட் செட் வேறு நாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு. விலை குறைவு, உத்தரவாதம் அந்தக் கடையோடு சரி. இரண்டும் புதுப் போன்தான். சில ஆண்டுகள் கழித்து ஊருக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல பிராண்டுகளில் செல்லாது.

சொல்லும் விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ரசீதில் மாடல் பெயர், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் *#06# அடித்து, திரையில் வரும் எண்ணும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் சொருகி மூன்று தட்டை முனை கொண்டது. ஊரிலிருந்து கொண்டு வந்த உருண்டை முனை சார்ஜர் நேராகப் போகாது. அதற்கு ஓர் அடாப்டர் வேண்டும். விடுதியில் பலர் பேனாவையோ குச்சியையோ விட்டுத் துளையைத் திறந்து உருண்டை முனையைச் செருகுகிறார்கள். பிடிப்பில்லாமல் சூடேறி முனை கருகும், மெத்தை பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

பழைய போன் வாங்கலாமா?

வாங்கலாம். நல்ல போன் பாதி விலைக்கே கிடைக்கும். ஆனால் நின்ற இடத்திலேயே கால் மணி நேரமாவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்யுங்கள். யாரையாவது உங்களை அழைக்கச் சொல்லி எடுத்துப் பேசிப் பாருங்கள். விற்பவர் முன்னிலையிலேயே போனை முழுக்க அழித்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். இதைத் தவிர்க்கப் பார்த்தால் வாங்காதீர்கள். அழித்த பிறகும் பழைய கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ கேட்டால், அந்தப் போனை அவரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது. அது திருட்டுப் போனாகவும் இருக்கலாம். ஐபோன் என்றால் அமைப்புகளில் பேட்டரி நிலை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கடையில் வாங்கினால் பழைய பொருளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. குறையுள்ள பொருளை விற்றால் வாங்கியவரைக் காக்கும் ‘லெமன் லா’ என்ற சட்டம் சிங்கப்பூரில் 2012-இல் நடப்புக்கு வந்தது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். பழைய பொருள் என்பதால் அதன் வயதையும் கொடுத்த விலையையும் கணக்கில் எடுப்பார்கள். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் தனி ஆளிடம் கைக்குக் கை வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

விமான நிலையத்தில் சிம் வாங்கலாமா?

அவசரத்துக்கு மட்டும். அங்கே முன்னால் வைத்திருப்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான அட்டைகள். நெட் நிறைய இருக்கும், நாட்கள் குறைவாக இருக்கும். காலம் முடிந்தால் எண்ணும் போய்விடும். அந்த எண்ணை நிறுவனத்திடமும் வங்கியிடமும் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே மாற்றுவது பெரிய தொல்லை. யாராவது அழைத்துப் போக வருகிறார்கள் என்றால், விமான நிலையத்தின் இலவச வைஃபையில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, ஓரிரு நாளில் லிட்டில் இந்தியாவிலோ விடுதிக்குப் பக்கத்திலோ சாதாரண முன்கட்டணச் (பிரீபெய்டு) சிம் வாங்கிக்கொள்ளலாம்.

எந்த நிறுவனம் நல்லது?

சொந்த வலைப்பின்னல் வைத்திருப்பவை நான்கு: சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. 2022 வரை சிம்பாவுக்கு டிபிஜி என்று பெயர். இந்த வலைப்பின்னல்களிலேயே ஓடும் மலிவுப் பெயர்களும் உண்டு. கோமோ சிங்டெல்லுடையது, கிகா ஸ்டார்ஹப்புடையது. சிக்னல் தாய் நிறுவனத்துடையதுதான். கடை, வாடிக்கையாளர் சேவை எல்லாம் செயலியோடு நின்றுவிடும். தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ நேரில் பேசித் தீர்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்குக் கடையுள்ள நிறுவனமே வசதி.

நீங்கள் தூங்கும் கட்டிலில் எந்தச் சிக்னல் எடுக்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அறையில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் கேளுங்கள். தடித்த சுவர், நடு அறை, கீழ்த்தளம் என்றால் ஒரு நிறுவனம் நான்கு கோடு காட்டும் இடத்தில் இன்னொன்று ஒரு கோடுகூடக் காட்டாது. ஊருக்குப் பேசுவது இரவில் அங்கிருந்துதான்.

பிரீபெய்டா, போஸ்ட்பெய்டா?

முதல் மூன்று மாதம் பிரீபெய்டு. பாஸ்போர்ட்டையோ வொர்க் பெர்மிட் அட்டையையோ காட்டினால் போதும், அங்கேயே பதிந்து கொடுப்பார்கள். எல்லா நிறுவனங்களையும் சேர்த்து ஒருவர் பெயரில் அதிகபட்சம் மூன்று பிரீபெய்டு சிம்தான் இருக்கலாம். காசு தீர்ந்தால் செவன் லெவன், மாமா கடை எனப்படும் சிறு பெட்டிக்கடை, பில் கட்டும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரம், நிறுவனத்தின் செயலி என்று எங்கு வேண்டுமானாலும் டாப்-அப் செய்யலாம்.

போஸ்ட்பெய்டில் சிம் மட்டும் தரும், ஒப்பந்தம் இல்லாத திட்டங்கள் உண்டு. நெட் அதிகம் தேவைப்படுபவர்களுக்கு ஒரு ஜிபிக்கு ஆகும் விலை இதில்தான் குறைவு. ‘போன் இலவசம், இரண்டு வருடம் கட்டினால் போதும்’ என்ற ஒப்பந்தத்துக்குள் மட்டும் போகாதீர்கள். உங்கள் பெர்மிட் இரண்டு வருடத்துக்குள் முடியலாம், கம்பெனி மாறலாம், ஊருக்குத் திரும்ப நேரலாம். நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான அபராதம் கேட்பார்கள். ஒப்பந்தம் தருவதற்கு முன் வைப்புத்தொகை கேட்பதும் பெர்மிட்டில் எத்தனை மாதம் மீதி என்று பார்ப்பதும் வழக்கம்.

கட்டணத்தில் பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: உள்ளே வரும் அழைப்புக்குக் காசு பிடிப்பார்களா? இந்தியப் பழக்கத்தில் வரும் கால் இலவசம் என்றே நினைக்கிறோம். சிங்கப்பூரின் பிரீபெய்டு திட்டங்களில் உள்வரும் அழைப்பு இலவசம் என்பது திட்டத்தோடு சேர்ந்த சலுகையாக இருந்திருக்கிறது, அந்தச் சலுகை முடிந்த மறுநாள் பேசப் பேசக் காசு குறையும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எனக்கு மாதம் எத்தனை ஜிபி தேவைப்படும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்ஸப்பில் குரல் மட்டும் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பி ஆகும். தினம் 45 நிமிடம் பேசினால் மாதம் 1,350 நிமிடம், 675 எம்பி. ஒரு ஜிபிகூட இல்லை. முகம் பார்த்துப் பேசினால் நிமிடத்துக்கு சுமார் 5 எம்பி. தினம் 20 நிமிடம் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசினால் மாதம் 3 ஜிபி.

ஆக வீட்டோடு பேச 4 ஜிபி போதும். மீதியைத் தின்பது படமும் ரீல்சும்தான். யூடியூபில் 480 தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் அரை ஜிபிக்கு மேல் போகும். தினம் ஒரு மணி நேரம் என்றால் மாதம் 15 ஜிபியைத் தாண்டும். விடுதியில் நல்ல வைஃபை இருந்தால் படத்தை அங்கேயே இறக்கி வைத்து, பஸ்ஸில் போகும்போது பார்க்கலாம். எம்ஆர்டி நிலையங்கள், நூலகங்கள், அங்காடிகளில் ‘வயர்லெஸ் அட் எஸ்ஜி’ என்ற இலவச வைஃபை கிடைக்கும்.

வாட்ஸப்பில் அமைப்புகள், சேமிப்பகமும் தரவும் என்ற இடத்தில் அழைப்புகளுக்குக் குறைந்த தரவு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். அதே பக்கத்தில் படங்களும் வீடியோக்களும் மொபைல் நெட்டில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். ஊர்க் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களுக்கே ஒரு ஜிபி போன கதைகள் உண்டு.

அம்மாவிடம் பட்டன் போன்தான். வாட்ஸப் இல்லை. என்ன செய்வது?

திட்டம் வாங்கும்போது அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நெட் எவ்வளவு இருந்தாலும் இந்த அழைப்புக்கு உதவாது. ஐடிடி எனப்படும் வெளிநாட்டு அழைப்பு நிமிடங்கள் தேவை.

ஒரே சிம்மில் இந்தியாவுக்கு இரண்டு விலை இருக்கலாம். எண்ணுக்கு முன்னால் நீங்கள் அடிக்கும் முன்னெண்தான் விலையைத் தீர்மானிக்கிறது. சிங்டெல்லில் 001 நேரடி வழி, 019 மலிவு வழி. ஸ்டார்ஹப்பில் 008-உம் 018-உம். எம்1-இல் 002-உம் 021-உம். போனில் +91 என்று சேமித்து வைத்திருக்கும் எண்ணை அப்படியே தொட்டால் பொதுவாக நேரடி வழியில்தான் போகும், அதன் விலை பல மடங்காக இருக்கலாம். கடைப் பலகையில் ‘இந்தியாவுக்கு இத்தனை காசு’ என்று எழுதியிருந்தால் அது எந்த முன்னெண்ணுக்கு என்று கேளுங்கள். கேட்ட பிறகு அம்மா எண்ணை அந்த முன்னெண்ணோடு சேர்த்து இன்னொரு பெயரில் சேமியுங்கள்.

கைபேசி என்றால் 019, 91, பிறகு பத்து இலக்கம். வீட்டுத் தொலைபேசி என்றால் ஊர்க் குறியீட்டின் முதல் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். தஞ்சாவூர் 04362 என்றால் 019 91 4362 என்று தொடங்கி வீட்டு எண். புதுக்கோட்டை 04322 என்றால் 019 91 4322. பூஜ்யத்தோடு அடித்தால் அழைப்பு போகாது.

நிமிடக் கணக்கையும் பாருங்கள். முழு நிமிடமாகக் கணக்கிடும் திட்டத்தில் 1 நிமிடம் 5 விநாடி பேசினால் 2 நிமிடம் போய்விடும். ‘சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா’ என்று அரை நிமிடத்தில் நான்கு முறை அழைப்பவருக்கு அது நான்கு நிமிடம். அவருக்கு விநாடிக் கணக்குத் திட்டமோ மொத்தமாக நிமிடங்கள் தரும் திட்டமோதான் லாபம். சலுகை நிமிடங்கள் இந்தியக் கைபேசி, வீட்டுத் தொலைபேசி இரண்டுக்கும் செல்லுமா, எத்தனை நாளில் முடியும் என்பதையும் கேளுங்கள்.

தங்கையோ பக்கத்து வீட்டுப் பையனோ ஸ்மார்ட்போன் வைத்திருந்தால் வாரம் ஒரு நாள் அவர்கள் வழியாக முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் இரவு பத்து மணிக்கு ஊரில் ஏதாவது என்றால் அம்மா கையில் இருக்கும் போன்தான் ஒலிக்க வேண்டும். அதற்காகச் சில வெள்ளியாவது சிம்மில் எப்போதும் வைத்திருங்கள்.

ஊரிலிருந்து அவர்கள் எனக்கு எப்படி அழைப்பது?

சிங்கப்பூர் எண் எட்டு இலக்கம். கைபேசி என்றால் பெரும்பாலும் 8 அல்லது 9-இல் தொடங்கும். ஊர்க் குறியீடு கிடையாது. +65 போட்டு எட்டு இலக்கம் அடித்தால் போதும். பட்டன் போனில் 0-வை அழுத்திப் பிடித்தாலோ நட்சத்திரத்தை இரண்டு மூன்று முறை தட்டினாலோ கூட்டல் குறி வரும். நீங்கள் கிளம்பும்போதே +65 வரை சேமித்து வைத்து, எண் கிடைத்ததும் மீதியைப் போட வீட்டில் யாருக்காவது சொல்லிக்கொடுங்கள்.

இந்தியாவிலிருந்து அழைப்பது அவர்களுக்குச் செலவு அதிகம். மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லி நீங்கள் அழையுங்கள். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு பத்தரை என்றால் ஊரில் எட்டு மணிதான்.

இந்திய சிம்மை என்ன செய்வது?

விட்டுவிடாதீர்கள். ஊர் வங்கியின் ஓடிபி, ஆதார் ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்புவதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது. சர்வதேச ரோமிங்கை இயக்கி வையுங்கள், இங்கே வந்த பிறகு அதைச் செய்ய முயன்றால் அதற்கே ஓர் ஓடிபி கேட்டு அது வராமல் தவிப்பீர்கள். நீண்ட நாள் செல்லும் ரீசார்ஜ் போடுங்கள். நெட் இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் திட்டங்களையும் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டு வந்தது. அத்தகைய ரீசார்ஜின் காலம் 365 நாள் வரை போகலாம் என்றும் அனுமதித்தது. செயலியின் முதல் பக்கத்தில் இவை தெரியாது, கீழே தேடிப் பாருங்கள். மூன்றாவதாக, வங்கியில் மின்னஞ்சல் முகவரியையும் பதிந்துவிடுங்கள்.

இங்கே வந்த பிறகு இந்திய சிம்மை இரண்டாம் துளையில் போட்டு, அதன் டேட்டா ரோமிங்கை அணைத்து, வெளியே போகும் அழைப்புக்குச் சிங்கப்பூர் சிம்மை இயல்பாக வையுங்கள். எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பொதுவாகக் காசில்லை. அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் ரோமிங் கட்டணம் விழும். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பை எடுத்தாலும் அதே கட்டணம்தான்.

யுபிஐக்குச் சிங்கப்பூர் எண்ணையும் பயன்படுத்தலாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 2023 முதல் அனுமதித்திருக்கும் நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. உங்கள் வங்கியும் செயலியும் அந்த வசதியைத் தருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம் மாற்றினால் வாட்ஸப் போய்விடுமா?

போகாது. இந்திய சிம் போனில் இருக்கும் வரை வாட்ஸப் பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் செயலியை நீக்கிவிட்டாலோ போன் மாறினாலோ பழைய எண்ணுக்குக் குறியீடு வரும், அதற்கும் இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் ஒரே வாட்ஸப்பில் இரண்டு கணக்கு வைக்கலாம். வேலையிடக் குழுவுக்குச் சிங்கப்பூர் எண், வீட்டுக்குப் பழைய எண் என்று பிரித்துக்கொள்வது பலருக்கும் ஒத்துவருகிறது.

சிம் போட்டாயிற்று, நெட் மட்டும் வரவில்லை.

போனை நிறுவனத்தின் நெட்டோடு இணைக்கும் ஏபிஎன் அமைப்பு தவறாக இருக்கலாம். பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், ஊரில் பயன்படுத்திய போனில் சில நேரம் பழையதே ஒட்டிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க், அக்சஸ் பாயிண்ட் என்று போய்ப் புதிதாக ஒன்று சேருங்கள். சிங்டெல் முன்கட்டண அட்டைக்கு எச், ஐ, சி, ஏ, ஆர், டி என்ற ஆறு எழுத்தையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஏபிஎன் கட்டத்தில் அடிக்க வேண்டும். மற்ற கட்டங்களைத் தொட வேண்டாம். மற்ற நிறுவனங்களின் ஏபிஎன் சிம் வந்த உறையிலேயே இருக்கும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். சிம் பூட்டிக்கொண்டால் திறக்கும் பியுகே எண்ணும் அதில்தான்.

நான் எங்கும் போகவில்லை. ரோமிங் என்று காசு பிடித்திருக்கிறார்கள்!

கிராஞ்சி, ஊட்லண்ட்ஸ், துவாஸ் பக்கம் தங்கியிருக்கிறீர்களா? நீரிணையின் மறுகரையில் ஜொகூர் இருக்கிறது. மலேசிய கோபுரங்களின் சிக்னல் இந்தப் பகுதிகளில் பலமாக விழும். போன் அதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் மலேசியாவில் இருப்பதாகத்தான் கணக்கு. திரையின் மேல் ஓரத்தில் ‘ஆர்’ என்ற எழுத்தோ மலேசிய நிறுவனத்தின் பெயரோ தெரிந்தால் அதுதான் காரணம். டேட்டா ரோமிங்கை அணையுங்கள். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து, உங்கள் நிறுவனத்தின் பெயரை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

நண்பர் பெயரில் இருக்கும் சிம்மைப் பயன்படுத்தலாமா? என் பெயரில் வாங்கித் தரச் சொல்கிறார்களே?

இரண்டும் வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ‘உன் பாஸ்போர்ட்டில் இரண்டு சிம் எடுத்துக் கொடு, ஐம்பது வெள்ளி தருகிறேன்’ என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணிலிருந்து யாரையாவது ஏமாற்றினால் காவல்துறை வரும் முகவரி உங்களுடையது. 2025 ஜனவரி 1 முதல் சிம்மைத் தவறான பயன்பாட்டுக்குக் கொடுப்பது தனிக் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு வேலை அனுமதியும் போகும்.

மற்றவர் பெயரில் உள்ள சிம்மில் வேறு ஆபத்து இருக்கிறது. அரசுச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ், சம்பளம் விழும் வங்கிக் கணக்கு, போன் எண்ணுக்குப் பணம் அனுப்பும் பேநவ் எல்லாவற்றையும் அந்த எண்ணோடு இணைத்திருப்பீர்கள். சிம் தொலைந்தால் அதே எண்ணில் புதுச் சிம் பெயருக்கு உரியவருக்குத்தான் தருவார்கள். அவர் ஊருக்குப் போயிருந்தால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது.

மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறோம் என்று +65 எண்ணில் அழைப்பு வருகிறது. எடுக்கலாமா?

சிங்கப்பூருக்குள்ளிருந்து வரும் அழைப்பில் கூட்டல் குறி இருக்காது, எட்டு இலக்கம் மட்டும் தெரியும். நீங்கள் சிங்கப்பூரில் இருக்கும்போது எண்ணுக்கு முன்னால் + தெரிந்தால் அது வெளிநாட்டு அழைப்பு. உள்நாட்டு அலுவலகம் என்று சொல்லிக்கொண்டு +65 என்று வந்தால் மோசடிதான். பெர்மிட் ரத்தாகும் என்று மிரட்டினாலும் வைத்துவிடுங்கள். சந்தேகம் என்றால் மோசடி பற்றிக் கேட்பதற்கான உதவி எண் 1799-க்கு அழைத்துக் கேட்கலாம்.

வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கும் வசதியை நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. அதை இயக்கினால் அம்மாவின் மிஸ்டு காலும் வராது. யோசித்துச் செய்யுங்கள்.

வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது?

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். கடைசிச் சம்பளமும் வரிக் கணக்கும் முடியும் வரை எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். வங்கியிலும் சிங்பாஸிலும் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள், வாட்ஸப்பில் எண் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். போஸ்ட்பெய்டு என்றால் கடைசி பில்லைக் கட்டி, நிறுத்தியதற்கான செய்தியைப் படம் எடுத்து வையுங்கள். அறையில் இருக்கும் தம்பிக்கு உதவியாக இருக்கட்டும் என்று சிம்மைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போகும். உங்கள் வங்கி அதற்கு ஓடிபி அனுப்பிக்கொண்டிருந்தால் அதைப் படிப்பவர் அவர்.